கோலைக் குறுக்கே வைத்துவிட்டுப் போனவர்

சேலம், ஃபேர்லேண்ட்ஸ்
5-6-1977

என் கண்ணு கமலவேணிக்கு,

உன் தாய்மாமன் நாச்சிமுத்து எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. எமனே வந்தாலும் நான் வேலை பார்க்கும் பில்லியர்ட்ஸ் மன்றத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். உன் உடம்பைப் பற்றி நான் விசாரிக்கப்போவதில்லை. கோயம்புத்தூர் டெலிபோன் ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் ஒயரில் கேட்கிறவளுக்கு என்ன குறை?

மாப்பிள்ளை அமைந்துவிட்ட சேதி படித்தேன். திருச்செங்கோட்டுக் குடும்பம், சொந்தமாகப் போர் போடுகிற ரிக் லாரி, பையன் பேர் வேலுமணி, சிகரெட் இல்லை. சந்தோஷத்தில் நாலு பேருக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். எட்டுப் பேர் என்றே வைத்துக்கொள். அப்புறம் உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். குடித்த காபி மேலே வந்துவிட்டது.

உன் அப்பனின் சாதனையைப் பற்றி அந்தப் பையன் என்ன சொன்னான்? "நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு பந்துதானுங்களா? இன்னைக்கு ஆடறவன் ஒரு மத்தியானத்துல தாண்டிப்போடுவான்" என்றானா? அவன் கோயம்புத்தூர் கிளப்பில் இரண்டு வருஷம் பந்து தட்டியவன். நான் பார்த்தவன். அன்றைக்கு மன்றத்தில் இருநூறு பேர் இருந்தார்கள், பாதிப் பேர் ஜன்னல் கம்பியில் தொங்கினார்கள்.

மாப்பிள்ளைக்குப் புரியும்படி எழுதுகிறேன், படித்துக் காட்டு. எங்கள் மேஜை யுத்த காலத்தில் அமெரிக்கப் பட்டாளம் விட்டுவிட்டுப் போனது. ஏலத்தில் தங்கசாமி முதலாளி எடுத்து மன்றத்தில் போட்டார். துணிக்குக் கீழே முழுக் கல்பலகை. லாரியிலிருந்து இறக்க யானை வந்தது. ஆட்டமும் அமெரிக்க ஆட்டம். பதினைந்து நிறப்பந்து, ஒரு வெள்ளைப் பந்து. கோலால் வெள்ளையை அடித்து, நிறப்பந்தைப் பைக்குள் தள்ள வேண்டும். எந்தப் பந்து, எந்தப் பை என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். தப்பினால் முறை அடுத்தவனுக்கு. தப்பாதவரை உன் முறைதான். பதினாலு விழுந்து ஒன்று மிஞ்சும்போது, விழுந்த பதினாலையும் முக்கோணச் சட்டத்தில் திரும்ப அடுக்கித் தருவார்கள், ஆட்டம் நீளும். அடுக்கித் தருவது என் வேலை. கலெக்டரே ஆடினாலும் நாச்சிமுத்து அடுக்கினால்தான் ஆட்டம்.

உன் அப்பன், என் மச்சான் ராசப்பன், மோகனூர்க் கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் வெல்லம் இறக்கிவிட்டு நேராக என்னிடம் வருவார். சத்தம் போட்டு ஆடமாட்டார். "பச்சை, மூலைப்பை" என்பார், கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் சொல்லுகிற மாதிரி. அந்த ஆடி மாதத்து நாளில் அவர் தப்பவே இல்லை. நான் அடுக்கினேன், அவர் தள்ளினார், அடுக்கினேன், தள்ளினார். நூற்றுத் தொண்ணூற்றிரண்டாவது விழுந்தபோது மேஜையில் ஐந்து நிறப்பந்து பாக்கி. அப்போதுதான் மோகனூர்க் கந்தப்பன் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தான். "காவேரி ஏறிட்டு வருதுங்க! கரும்புக்குள்ள தண்ணி! காளைக மாட்டுச் சாளையில கட்டியிருக்குதுங்க!"

மச்சான் கோலை மேஜை மேல் குறுக்கே வைத்தார். எங்கள் மன்றத்தில் குறுக்கே வைத்தால் முறை இன்னும் என்னுடையது என்று அர்த்தம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதில்லையா, அப்படி. "மாப்ளே, வாரேன். ஒருத்தரும் தொடவேண்டாம்" என்றார்.

ஒருத்தரும் தொடவில்லை. பதினாறு வருஷமாக அந்த அறையைப் பூட்டி வைத்திருக்கிறேன். முதலாளி கேட்டார், முதலாளி மகன் கேட்டான். சாவி என் அரைஞாணில். முடியாத ஆட்டத்தை எவன் தாண்டுவான் என்று மாப்பிள்ளையைக் கேள்.

உன் மாமன்,
நாச்சிமுத்து


கோயம்புத்தூர்
11-6-1977

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். யானை வந்த இடத்தில் சிரித்தார். இருநூறு பேர் என்ற இடத்தில் நான் சிரித்தேன். ஆறு பேர் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தாராம்.

அவர் சொல்வதையும் எழுதிவிடுகிறேன். இப்போது துணி மெல்லியதாம், பந்து இழுக்காமல் ஓடுமாம். பந்தும் ஒரே எடையில் வார்த்தது. முன்பெல்லாம் வேலை முடித்து வந்து ஆடினார்கள், இப்போது ஆடுவதையே வேலையாக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். "உங்கப்பா பெரிய ஆட்டக்காரருங்க, இல்லீங்கல. ஆனா தாண்ட முடியாததுன்னு ஒரு கணக்கும் கெடையாது" என்கிறார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மாமா, நான் அன்று எழுதத் தயங்கியது வேறு. போன வாரம் பெண் பார்க்க மோகனூர் வந்தார்கள். அவருடைய பெரியப்பா செங்கோட்டையன் அம்மாவின் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏனுங்க, சம்பந்தி எங்கெங்க?"

அம்மா காபி டம்ளரை வைத்தபடியே சொன்னார்: "சேலம் போயிருக்கறாருங்க."

"எப்ப வருவாருங்க?"

"ஆட்டம் முடிஞ்சதும் வந்துருவாரு."

 வெள்ளம் வந்த அன்று எனக்கு வயது ஆறு, ஆனாலும் நினைவிருக்கிறது. அதற்கு மேல் பஸ் ஓடாததால் அப்பா நாமக்கல்லிலிருந்து நடந்தே வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரும்புக்குள் இறங்கியதைக் கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள். இரண்டு காளைகளும் கயிறு அறுபட்டு நீந்திக் கரையேறின. அப்பா வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அன்று அம்மாவிடம் நீங்கள்தான் சொன்னீர்கள்: "ஆட்டத்தப் பாதியில உட்டுப்போட்டுப் போற ஆளாங்கக்கா மச்சான்? கோலு குறுக்கே கெடக்குது. வருவாரு." அதைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா ஒவ்வொரு ஆடிப்பெருக்கிலும் அதே காவேரியில் இறங்கித் தாலிக்குப் புதுக் கயிறு மாற்றிக்கொள்கிறார்.

செங்கோட்டையன் பெரியப்பா கெட்டவர் இல்லை. "சுமங்கலின்னா மணைக்குப் பக்கத்துல நிக்கட்டும். இல்லீன்னா அதுக்கொரு மொறை இருக்குது. ரெண்டுக்கும் நடுவுல நிக்கறவங்கள எந்தப் பக்கம் நிறுத்தறதுங்க?" என்றார். கருமாதி செய்துவிட்டு வாருங்கள், பிறகு நாள் குறிக்கலாம் என்று போய்விட்டார்கள். அம்மாவோ, ஆட்டம் முடியாத ஆளுக்குக் கருமாதியா என்கிறார்.

அதனால் கேட்கிறேன். அறையைத் திறந்து விடுங்கள். உங்கள் மாப்பிள்ளை வந்து ஆடட்டும். தாண்டினாலும் சரி, முதல் அடியிலேயே தப்பினாலும் சரி. முறை கை மாறட்டும். அம்மா அதை மட்டும்தான் நம்புவார்.

கமலவேணி


சேலம்
16-6-1977

கண்ணு,

நீ பெரிய படிப்புப் படித்தவள். நான் அஞ்சாவதோடு நின்றவன். நின்றதற்குக் காரணம், வாத்தியாருக்கு என்னிடம் சொல்லித்தர ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். துணி மாறிவிட்டது, பந்து மாறிவிட்டது. ஆடுகிறவன்?

இங்கே முன்கூடத்தில் வேறு மேஜையில் இந்தக் காலத்துப் பையன்கள் ஆடுகிறார்கள். நாலு பந்து தள்ளிவிட்டு யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறான். அஞ்சாவது தப்பிவிடுகிறது. உன் அப்பன் யார்? கொப்பரைக்கு முன்னால் நின்று பாகு பார்த்தவர். கொஞ்சம் முந்தினால் இளகும், கொஞ்சம் பிந்தினால் கரியும். திரும்பிப் பார்த்தால் ஒரு கொப்பரை வெல்லம் போச்சு. அந்தக் கண் உன் வேலுமணிக்கு இருக்கிறதா? மெல்லிய துணியில் பந்து நன்றாக ஓடும் என்கிறான். ஓடட்டும். தப்பான இடத்துக்கும் நன்றாகத்தான் ஓடும்!

ஒருதரம் பம்பாயிலிருந்து ஒரு சாம்பியன் வந்தான். பூட்டின கதவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அன்றைக்கு ரயிலிலேயே திரும்பிவிட்டான். பேர் மறந்துவிட்டது.

அறையைத் திறக்க முடியாது. நான் முன்கூடத்தில்தான் படுக்கிறேன். உள்ளே அவ்வப்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பல்லிதான். இந்த ஊரில் பல்லிக்கா பஞ்சம்? பந்தோடு பந்து இடிக்கிற சத்தமும் அப்படித்தான் இருக்கும் என்பது வேறு விஷயம்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. ஏற்காட்டு மலைப்பாதை அடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டி டீக்கடையில், மச்சான் ஜாடையில் ஒருவரைப் பார்த்ததாக ஒரு லாரி டிரைவர் சொன்னார். கையில் நீளமாக ஒரு கோல் ஊன்றியிருந்தாராம். அக்காவுக்கு ஒரு கார்டு போட்டுவிட்டேன். கருமாதிப் பேச்சை எடுக்காதே.

நாச்சிமுத்து


கோயம்புத்தூர்
22-6-1977

மாமாவுக்கு,

அம்மா கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போய்விட்டு வந்துவிட்டார். நீங்கள் கார்டு போட்ட மூன்றாம் நாளே. மலையடிவாரத்தில் இறங்கி ஒவ்வொரு கடை முன்னாலும் நின்றிருக்கிறார். கோல் ஊன்றிய கிழவர் ஒருவர் இருந்தாராம். ஆடு மேய்க்கிறவர். "உங்களுக்கு என்ன வேணுமுங்கம்மா?" என்று கேட்டாராம். அம்மா அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

இதற்கு முன் பழனி. உங்களுக்கு யாரோ சொன்னார்கள், நீங்கள் அம்மாவிடம் சொன்னீர்கள். நானும் கூடப் போனேன், எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். மலையேறி வந்த ஆண்கள் எல்லாரும் மொட்டை. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய முகம் எல்லாமே அப்பா முகமாகத் தெரிந்தது. ஒருவர் கையைப் பிடித்துக்கூட இழுத்துவிட்டேன். அதற்கு முன் கொழும்பு என்றீர்கள். அம்மா கப்பலுக்கு என்ன செலவாகும் என்று விசாரித்தார்.

நீங்கள் ஆசையாகச் சொல்கிறீர்கள் என்று தெரியும். யானையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பம்பாய்க்காரனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சிரிக்கிறேன். ஆனால் நீங்கள் ஒரு ஊர் பேரைச் சொன்னால் அம்மா அந்த ஊருக்குப் பஸ் ஏறுகிறார்.

ஜூலை மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாப்பிள்ளை சேலம் வருகிறார். கதவைத் திறந்து வையுங்கள். அறையைப் பெருக்கி வையுங்கள். அப்பாவைக் காத்து வைத்திருப்பதாக நினைக்கிறீர்கள். காத்துக் கிடப்பது அம்மா.

கமலவேணி


சேலம்
1-7-1977

கமலவேணிக்கு,

நீ சொன்னபடி பெருக்குவதற்காக இன்று மத்தியானம் கதவைத் திறந்தேன்.

மேஜை மேல் தூசி விரல் கனத்துக்கு இருந்தது. பந்துகள் மேலும் இருந்தது. கோலின் கைப்பிடியில் மட்டும் தூசி இல்லை.

மேஜையில் நாலு நிறப்பந்துதான் இருந்தது. மூலையில் இருந்த கறுப்புப் பந்து இல்லை. பைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அங்கே இருந்தது.

ஜன்னல் உள்தாழ் போட்டபடியே இருந்தது. ஓடு ஒழுகவில்லை. மேஜைக்கு முட்டுக்கொடுத்த கட்டை நகரவில்லை. எலியின் தடம் இல்லை. எல்லாம் பார்த்தேன்.

பெருக்கவில்லை. பூட்டிவிட்டேன்.

அந்தப் பையனை அனுப்பாதே.

நாச்சிமுத்து


கோயம்புத்தூர்
12-7-1977

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் ஒரு நாள் தாமதமாக வந்தது. அதற்குள் அவர் புறப்பட்டுவிட்டார்.

நீங்கள் கதவைத் திறக்கவில்லை என்று சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தீர்களாம், பரோட்டா வாங்கிக் கொடுத்தீர்களாம், கதை சொன்னீர்களாம். சாவியைக் கேட்டபோது, "மாப்ளே, அரைஞாண் அவுக்கோணும்னா நாளு பாக்கோணும்" என்றீர்களாம். அதுவரை சிரித்துக்கொண்டே சொன்னார். அதன்பிறகு பேச்சை மாற்றினார்.

நான் விடவில்லை. நீங்கள் தண்ணீர் பிடிக்கப் போனபோது பின்பக்கம் போய் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார்.

"என்ன இருந்துச்சுங்க?"

"மேசை இருந்துது. நாலு பந்து. கோலு குறுக்கே கெடந்துது."

"அவ்வளவுதானுங்களா?"

அவர் சொன்னார்: "கோலோட கைப்பிடி நனைஞ்சிருந்துது. தண்ணி சொட்டிச் சொட்டித் தரையில வண்டல் மாதிரி படிஞ்சிருந்துது. சேலத்துல மழையே இல்லீங்க."

உங்கள் கடிதத்தை நான் அவரிடம் காட்டவில்லை, மாமா. அவர் சொன்ன பிறகுதான் திரும்ப எடுத்துப் படித்தேன். அதில் ஒரு யானைகூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

இப்போது தாண்ட முடியுமா என்று அவரைக் கேட்டால், "தாண்டறது வேறீங்க. இன்னொருத்தர் ஆடிட்டிருக்கறப்போ நடுவுல போய்க் கோலைத் தூக்கறது வேற" என்கிறார். ரிக் வைத்து ஆயிரம் அடிக்குப் பாறை துளைக்கிறவர் பேச்சு இது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் மோகனூர் போனேன். என் முகத்தைப் பார்த்தே விஷயத்தை வாங்கிவிட்டார். குளித்துவிட்டு, குலக்கோயிலுக்குப் போய்ப் பல்லி வாக்குக் கேட்க உட்கார்ந்தார். "அவரா வரட்டும்னா இடக்கைப் பக்கம் சொல்லு. நானே போகோணும்னா வலக்கைப் பக்கம் சொல்லு" என்று கைகூப்பிக்கொண்டு இருந்தார். வெயில் ஏறியது. வலக்கைப் பக்கத் தூணிலிருந்து 'டக்' என்றது.

அம்மா வருகிறார். வரும் செவ்வாய்க்கிழமை. இந்த முறை நாள் பார்க்காதீர்கள்.

கமலவேணி


சேலம்
20-7-1977

கண்ணு கமலவேணிக்கு,

அக்கா நேற்று மத்தியானம் வந்து, மூன்று மணி பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வாசலிலேயே கையை நீட்டியது. சாவியைக் கொடுத்துவிட்டேன். கதவைத் திறந்து, படியில் காலைத் துடைத்துவிட்டு உள்ளே போனது. வெளியில் வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஆற்றங்கரைக் கரும்புக்காட்டுக்குள் நுழைந்த மாதிரி ஒரு குளிர். அக்கா மேஜைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டது, சோறு போட்டுவிட்டுக் கூப்பிடுகிற மாதிரி.

"ஏனுங்க. புள்ளைக்குக் கல்யாணம். ஒண்ணு முடிச்சுப்போட்டு வாங்க, இல்லாட்டி உட்டுப்போட்டுப் போங்க. இப்படிக் குறுக்கே வெச்சுப்போட்டு நின்னா நானு எங்கெ நிக்கறது?"

 அக்கா என்னைப் பார்த்தது. "தப்பினா மொறை போயிருமாடா நாச்சி?"

"ஆமாங்கக்கா."

"அவருக்குப் பதலா நானு அடிக்கலாமா?"

அப்படி ஒரு சட்டம் எந்த மன்றத்திலும் இல்லை. "அடிக்கலாமுங்கக்கா" என்றேன். இந்த மன்றத்தில் சட்டம் நான்தானே.

கோலை எடுத்தது. உலக்கை பிடிக்கிற மாதிரி பிடித்தது. "எனக்கு ஒண்ணும் உழுகவேண்டாம் சாமி, தப்பட்டும்" என்று சொல்லிவிட்டு வெள்ளைப் பந்தைக் குத்தியது. அது கோணல் மாணலாக ஓடி, மூன்று பக்கம் முட்டித் திரும்பி, மஞ்சளைத் தொட்டது. மஞ்சள் நடுப்பைக்குள் போய்விட்டது.

"தப்பலையாடா?"

"இல்லீங்கக்கா."

இரண்டாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு அடித்தது. சிவப்பு விழுந்தது. மூன்றாம் தரம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, வெள்ளை எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் அடித்தது. நீலம் மூலைப்பைக்குள் போனது, பூனை வீட்டுக்குள் நுழைகிற மாதிரி.

வாய்விட்டுச் சொல்லாமல் விழுந்தது கணக்கில் வராதே என்று மாப்பிள்ளை கேட்பார். யாரும் சொல்லவில்லை என்று நான் எழுதவில்லையே.

அக்கா கோலை ஊன்றிக்கொண்டு நின்றது. அழும் என்று நினைத்தேன். சிரித்தது. "உடமாட்டீங்கறாரு பாரு. கண்ணாலத்தன்னைக்கும் இப்படித்தான், வெத்தலையைக் கைய உட்டுக் குடுக்கமாட்டேன்னு நின்னாரு" என்றது. சிரித்து முடித்ததும் கேட்டது: "எத்தன நாளைக்குடா நாச்சி இப்படியே?"

மேஜையில் இப்போது பச்சை ஒன்றும் வெள்ளையும்தான். பைகளில் பதினாலு. இனி அடுக்க வேண்டியது என் முறை. முக்கோணச் சட்டம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டி எடுத்துவிட்டேன் கண்ணு. அடுக்கிக் கொடுத்தால் மச்சான் ஆடிக்கொண்டே இருப்பார். இருநூறு தாண்டும், முந்நூறு தாண்டும். உலகத்தில் எவனும் கிட்டே வரமுடியாது. அதை ஊரெல்லாம் சொல்ல நான் இருக்கிறேன். பதினாறு வருஷம் இந்தக் கை அதற்குத்தான் காத்திருந்தது.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருந்தது. மஞ்சள் கயிறு வெளியே தெரிந்தது.

சட்டத்தைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டேன். "மச்சான், கோவிச்சுக்கிட்டாலுஞ் செரீங்க. நானு அடுக்கறதில்லீங்க" என்று சொன்னேன். ஆட்டம் முடிந்தால் வைக்கிற மாதிரி கோலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தோம். கதவைப் பூட்டினோம். அக்காவைப் பஸ் ஏற்றினேன். 

அக்கா தள்ளியது மூன்று பந்து. கறுப்பையும் சேர்த்தால் நாலு. மாப்பிள்ளை இனி எந்த மேஜையில் வேண்டுமானாலும் ஆடட்டும், தாண்டட்டும். தாண்டினால் நானே காபி வாங்கிக் கொடுக்கிறேன்.

நாச்சிமுத்து


மோகனூர்
4-8-1977

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று முன்தினம் ஆடிப்பெருக்கு. ஆற்றில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இல்லை. ஊர்ப் பெண்கள் எல்லாரும் கயிறு மாற்றிக்கொள்ள வரிசையாக இறங்கினார்கள். அம்மாவும் இறங்கினார். பழைய கயிற்றைக் கழற்றினார். காதோலை கருகமணியோடு சேர்த்துத் தண்ணீரில் விட்டார். புதுக் கயிற்றைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஜானகியம்மாள், "பாப்பாயி, கயிறு?" என்றார். "வேண்டாமுங்க. அவரு ஆட்டம் முடிஞ்சுதுங்க" என்றார் அம்மா. கருமாதியை நேற்றே முடித்துவிட்டோம். உங்களுக்குத் தந்தி கொடுத்தும் நீங்கள் வராதது ஏன் என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆவணியில் முகூர்த்தம். செங்கோட்டையன் பெரியப்பா, அம்மா சற்று ஒதுங்கி நிற்கட்டும் என்றார். அம்மா நிற்கும் இடத்தில்தான் மணையைப் போட வேண்டும் என்று நான் சொல்ல நினைத்தேன். அதற்குள் உங்கள் மாப்பிள்ளை சொல்லிவிட்டார். "பெரிப்பா, அவங்க நடுவுல நின்னது போதுமுங்க. இனி எம்பட பக்கம் நிக்கட்டும்." நீங்கள் தாய்மாமன் சீரோடு வந்து நிற்க வேண்டும். இருநூறு பேர் வருவார்கள். ஜன்னலில் யாரும் தொங்கமாட்டார்கள்.

தாண்ட முடியுமா என்று நான் அவரிடம் கடைசியாக ஒருமுறை கேட்டேன். "முடியுமுங்க. என்னைக்காவது ஒருத்தன் தாண்டுவான். ஆனா அவன் எங்கியாச்சும் தப்பித்தான் நிறுத்துவான். உங்கப்பா தப்பவே இல்லீங்களே" என்றார்.

விழுந்த பந்துக்கு ஒரு மணி நகர்த்துகிற மன்றத்து மணிக்கம்பியில் எண்ணிக்கை இன்னும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டில்தானே நிற்கிறது? ஐந்து மணி நகர்த்திவிடுங்கள். நாலு இல்லை, மாமா. ஐந்து.

அம்மா எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் எழுதியது ஒவ்வொன்றும் சரி. மஞ்சள், சிவப்பு, நீலம், சட்டத்தை ஆணியில் மாட்டியது வரை. ஆனால் கோலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, கதவைச் சாத்தி, நீங்கள் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது உள்ளே கல்பலகை மேல் ஒரு பந்து உருளும் சத்தம் கேட்டதாம். மெதுவாக, அவசரமில்லாமல். பிறகு அது பைக்குள் விழுந்ததாம். நீங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்களாம். "பச்சைதானுங்கக்கா" என்றீர்களாம். அடுக்க ஆளில்லாமல், மேஜையைக் காலி செய்துவிட்டுத்தான் அப்பா போயிருக்கிறார்.

அதை நீங்கள் எனக்கு எழுதவில்லை. நினைவு தெரிந்த நாளாக நீங்கள் எதையும் கூட்டித்தான் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குறைத்துச் சொன்னது இந்த ஒரு பந்தைத்தான். அதனால்தான் நம்புகிறேன்.

கமலவேணி